நாற்பத்தேழில் வரும் வெறுமையும் வெள்ளெழுத்தும்

கேட்டவர் மதுரை வில்லாபுரத்துக்காரர், வயது 47. தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். அப்பா போன வருடம் தவறிவிட்டார். மகள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போய்விட்டாள். வீட்டுக் கடன் இன்னும் மூன்று வருடத்தில் முடிகிறது. "குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை, ஆனால் எதிலும் பிடிப்பில்லை. வயசாக ஆக ஞானம் வரும் என்கிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. வேலையை விட்டுவிட்டுத் திருவண்ணாமலைப் பக்கம் போய்விடலாமா என்று இருக்கிறது" என்று எழுதியிருந்தார்.

தம்பி, நான் சாமியாரும் இல்லை, மனநல மருத்துவரும் இல்லை. மதுரையில் முப்பத்து நாலு வருடம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவன். இப்போது 67 ஆகிறது. ஆனால் உங்கள் வயதுக்காரர்களை நான் பார்த்த அளவுக்குப் பார்த்தவர்கள் குறைவு. கண்ணாடிக் கடைக்கு முதன்முதலாக வருகிறவர்களில் பெரும்பாலும் இரண்டு கூட்டம்தான். போர்டு தெரியவில்லை என்று வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒன்று. எழுத்து தெரியவில்லை என்று வருகிற நாற்பத்திரண்டு, நாற்பத்தைந்து வயதுக்காரர்கள் இன்னொன்று.

இரண்டாவது கூட்டத்தை வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவேன். செல்போனை ஒரு முழம் தள்ளிப் பிடித்து, தாடையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். பெண்கள் நேராக விஷயத்துக்கு வந்துவிடுவார்கள்: "அண்ணே, ஊசியில நூல் கோக்க முடியல." ஆண்களுக்கு வாய் வராது. "இப்பல்லாம் பேப்பர்ல எழுத்தைப் பொடிசாக்கிட்டாய்ங்கண்ணே" என்பார்கள். வீட்டு டியூப்லைட்டைக் குறை சொன்னவர்கள் உண்டு. மருந்துக் கம்பெனிக்காரன் வேண்டுமென்றே அட்டையில் சின்னதாக அச்சடிக்கிறான் என்று அரை மணி நேரம் வாதாடியவரும் உண்டு. அவர் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருந்தது.

இதற்கு வெள்ளெழுத்து என்று பெயர். அந்தக் காலத்து ஆட்கள் சாளேசுரம் என்பார்கள். இந்தியில் நாற்பதைக் குறிக்கும் 'சாலீஸ்' என்ற சொல்லின் உறவு அது. வயதே நோய்க்குப் பெயராகிவிட்டது, இத்தனைக்கும் அது நோயே கிடையாது. கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் இளமையில் வளைந்து கொடுக்கும். பத்து வயதுப் பிள்ளை மூக்குக்கு முன்னால் ஏழெட்டு சென்டிமீட்டரில் புத்தகத்தை வைத்தாலும் படித்துவிடும். அந்த வளைவு அன்றிலிருந்தே வருடா வருடம் குறைந்துகொண்டு வருகிறது. நம் கை நீளத்துக்குள் சமாளிக்க முடிகிறவரை உறைப்பதில்லை. கை போதாமல் போகிற அன்றைக்கு, "திடீர்னு கண்ணு போயிருச்சு" என்கிறோம்.

உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. அப்பா போனதால், மகள் ஊரை விட்டுப் போனதால் இந்த வெறுமை வந்தது என்று நினைக்கிறீர்கள். இருபது வருடமாக உங்களை யாராவது ஒருவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ஃபீஸ் கட்டக் கூப்பிட்டார்கள், ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார்கள், கேஸ் சிலிண்டரைத் தூக்கி வைக்கக் கூப்பிட்டார்கள். அந்தக் குரல்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து பல வருடம் ஆகியிருக்கும். போன வருடம்தான் உங்களுக்குக் கை போதாமல் போயிருக்கிறது.

ஞானத்துக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒருவர் ஆறு மாதத்தில் மூன்று முறை பவர் மாறுகிறது என்று வந்தார். வாழ்க்கையே மங்கிப்போச்சு என்கிற மாதிரிதான் அவரும் பேசுவார். மூன்றாவது முறை கண்ணாடி போட மறுத்து, சர்க்கரை பார்த்துவிட்டு வரச் சொன்னேன். முந்நூறைத் தாண்டியிருந்தது. சர்க்கரை ஏறி இறங்கினால் கண்ணின் பவரும் ஏறி இறங்கும், மனசும் சேர்ந்து ஆடும். தைராய்டையும் பார்த்துவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க எதிலும் ஈடுபாடில்லாமல் இருந்தால், விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து அதற்குப் பின் தூக்கம் பிடிக்காவிட்டால், செத்தால் தேவலை என்ற நினைப்பு வந்தால், அது தத்துவம் பேசுகிற இடமில்லை. மனச்சோர்வு என்பது வைத்தியம் உள்ள நோய். பெரியாஸ்பத்திரியிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் காசில்லாமல் தமிழிலேயே பேசலாம்.

அப்படி ஒன்றும் இல்லை என்று ஆனபிறகு மேலே படியுங்கள்.

'நடுவயது நெருக்கடி' என்ற சொல்லை 1965-இல் எழுதிப் பரப்பியவர் எலியட் ஜாக்ஸ் என்ற கனடாக்காரர். அப்போது அவருக்கே 48 வயது, அதனால் சொந்த அனுபவமும் கலந்திருக்கும் என்பது என் ஊகம். எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர் அதற்கும் முன்பே ஒன்று சொன்னார்: நடுவயதில் மனிதன் அடுத்த தலைமுறைக்கு எதையாவது ஆக்கிக் கொடுக்கிறான், இல்லாவிட்டால் தேங்கிப்போகிறான். அவருடைய கருத்து சரிதான். 'தேங்கி' என்ற சொல்தான் கண்மாய்க்கரையில் வளர்ந்த எனக்கு இடிக்கிறது. தண்ணீர் தேங்கத்தானே கண்மாயே வெட்டினார்கள்? நாற்பத்தேழு வயதில் உங்களிடம் தண்ணீர் தேங்கியிருக்கிறது என்றால் நல்லது. மடை எங்கே என்பதுதான் கேள்வி.

என் கதையையும் சொல்கிறேன். எனக்கு இது 46-இல் வந்தது. லென்ஸைக் கல்லில் கையால் தீட்டி, ஃபிரேமில் இம்மி பிசகாமல் உட்கார வைப்பதில் எனக்கு நல்ல பெயர். கனமான சிலிண்டர் பவர் (கருவிழியின் வளைவு ஒரே சீராக இல்லாதவர்களுக்குப் போடுகிறது) என்றால் மற்ற கடைக்காரர்களே என்னிடம் அனுப்புவார்கள். பிறகு தானாக வெட்டுகிற மெஷின் வந்தது. பக்கத்துக் கடையில் இருபத்திரண்டு வயதுப் பையன் பட்டனைத் தட்டிவிட்டு டீ குடித்துக்கொண்டிருப்பான், லென்ஸ் தயாராகிவிடும். நான் பழகப் பத்து வருடம் எடுத்த வேலை. அந்த வருடம்தான் என் அம்மாவும் போனார்கள். நானும் திருவண்ணாமலைக்குத்தான் கிளம்பினேன்.

பதினொரு நாள் இருந்தேன். பதினாலு கிலோமீட்டர் கிரிவலம், மூன்று முறை. மலையைக் குறை சொல்ல மாட்டேன், அது கம்பீரமாகத்தான் இருந்தது. ஆனால் நான் போன இடத்துக்கெல்லாம் நானும் கூடவே வந்துகொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது இரண்டு காலிலும் கொப்புளம். கரண்ட் பில் கட்ட மறந்து போனதால் கடையில் ஃபியூஸ் இல்லை.

அடுத்த மாதம் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் கண் முகாம், ஆள் குறைகிறது, ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் வர முடியுமா என்று கேட்டார்கள். போனேன். பள்ளிக்கூடத் திண்ணையில் ஒரு பெட்டி நிறைய ரெடிமேட் கண்ணாடிகளோடு உட்கார வைத்தார்கள். எழுத்துப் படிக்காதவர்களுக்கு அட்டை உதவாது, அரிசியில் கல் பொறுக்கச் சொல்லித்தான் பவர் பார்த்தோம். எழுபது வயது இருக்கும், ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர். ப்ளஸ் 3 போட்டுவிட்டேன். எங்களைப் பார்க்கவில்லை, அரிசியையும் பார்க்கவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, உள்ளங்காலைத் திருப்பி, அரைஞாணில் தொங்கிய முள்வாங்கியை எடுத்து ஒரு முள்ளைப் பிடுங்கினார். "பத்து நாளா குத்துது. பேரன் வரட்டும்னு பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார். அவ்வளவுதான், எழுந்து போய்விட்டார்.

ராத்திரி பஸ்ஸில் திரும்பும்போது சட்டைப்பையில் கை விட்டேன். காலையில் போட வேண்டிய கேஸ் மாத்திரை அப்படியே இருந்தது. மூன்று மாதமாக அது இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. அன்றைக்கு இறங்கியிருந்தது.

ஒருநாள் முகாமில் ஞானம் வந்துவிட்டது என்று கதை கட்டவில்லை. மறுநாள் அதே எரிச்சலோடுதான் கடை திறந்தேன். ஆனால் எனக்கு ஏதோ ஒரு நுனி கிடைத்திருந்தது. அது என்னவென்று புரிய இன்னும் சில மாதம் ஆனது. ஆவணியில் புட்டுத் திருவிழா அன்று புரிந்தது.

வந்தியின் கதை உங்களுக்கும் தெரியும், மதுரையில் தெரியாதவர் யார். வைகையில் வெள்ளம். வீட்டுக்கு ஒரு பங்கு என்று கரையை அளந்து பாண்டியன் ஊருக்குப் பிரித்துக் கொடுக்கிறான். பிட்டு விற்கிற கிழவி வந்திக்கும் ஒரு பங்கு. அவளுக்கு ஆள் கிடையாது. உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கிக்கொண்டு சிவன் கூலியாளாக வருகிறார், வேலை செய்யாமல் ஆடுகிறார், தூங்குகிறார், பிரம்படி வாங்குகிறார், அடி எல்லார் முதுகிலும் விழுகிறது. இன்றைக்கும் அரப்பாளையம் பக்கம் புட்டுத்தோப்பில் சாமி வந்து மண் சுமக்கிறார். திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகரும், திருப்பரங்குன்றத்திலிருந்து முருகனும் வந்து சேருகிறார்கள்.

சின்ன வயதிலிருந்து அந்தப் பிரம்படியைத்தான் எல்லாரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த வருடம் கூட்டத்தில் நின்றபோது வேறொன்று பட்டது. அந்தக் கிழவிக்கு எதற்குப் பங்கு கொடுத்தான்? "தனியாள், வயசானவள், போகட்டும் விடு" என்று விட்டிருக்கலாம். விடவில்லை. அவளுக்கு அது பெரிய தொந்தரவு, ராஜா கொடுமைக்காரன் என்றுகூட நாம் நினைக்கிறோம். ஆனால் ஊர்க்கணக்கில் அவள் பெயர் இருந்தது. இன்ன கல்லிலிருந்து இன்ன கல் வரை வந்தியின் கரை. அவளால் மண் சுமக்க முடியாது, சரி. பிட்டு அவிக்கத் தெரியும். தெரிந்ததை வைத்துத் தன் பங்குக்கு ஆள் தேடினாள். பங்கு இருந்ததால்தான் சாமி வந்தது. அவளை விட்டுவிட்டுக் கரையை அளந்திருந்தால் சிவன் எந்தச் சாக்கில் வருவார்?

கண்மாய்க் குடிமராமத்தும் இதே கணக்குத்தான். வீட்டுக்கு ஓர் ஆள், ஆளுக்கு இத்தனை அடி கரை.

உங்களுக்கு இல்லாமல் போனது அந்தக் கரைதான் என்று நினைக்கிறேன். வீட்டுக்குள் உங்கள் பங்கு முடிகிற வயது இது. ஊரில் ஒரு பங்கு எடுக்காமல் விட்டிருக்கிறீர்கள்.

இதைப் பழைய ஆள் ஒருவர் என்னைவிடச் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறார். பிசிராந்தையார், பாண்டிய நாட்டுப் பிசிர் ஊர்க்காரர். "இத்தனை வயதாகியும் உமக்கு நரை இல்லையே, எப்படி?" என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் புறநானூற்றில் 191-ஆம் பாட்டு. மனைவி நல்லவள், பிள்ளைகள் அறிவு நிரம்பியவர்கள், வேலையாட்கள் என் மனசறிந்தவர்கள், அரசன் அநியாயம் செய்யாதவன், எல்லாவற்றுக்கும் மேலே நான் வாழும் ஊரில் சான்றோர் பலர். இந்தப் பட்டியலைத் திரும்பப் படியுங்கள். தன் தவத்தைப் பற்றி, மன அடக்கத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. தன் இளமைக்குக் காரணம் கேட்டால் சுற்றியிருக்கிறவர்களை எண்ணிக் காட்டுகிறார் மனுஷன். இதை மேடையில் பேசுகிறவர்கள் கவலையில்லாத வாழ்வு என்று முடித்துவிடுகிறார்கள்; எனக்கு அது ஒரு ஊர்க்காரனின் பதிலாகத்தான் கேட்கிறது.

சரி, என்ன செய்வது? புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள், வீணை வாசியுங்கள் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். ஆசை இருந்தால் செய்யுங்கள். ஆனால் என் அனுபவத்தில் கை ஏற்கெனவே அறிந்த வேலைதான் இந்த வயதில் தாங்கும். டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமியை எடுத்துக்கொள்ளுங்கள். அரசு வேலையில் 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-இல் மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஓய்வுக்குப் பிறகு புது வாழ்க்கை என்று இதைச் சொல்வார்கள். அது பாதிக் கதை. இளம் வயதிலேயே முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போனவர், அந்த விரல்களுக்குக் கத்தி பிடிக்கத் தானே பழக்கிக்கொண்டவர். அரசு டாக்டராக இருந்தபோதே கிராமம் கிராமமாகக் கண் முகாம் நடத்தியவர். 58-இல் அவர் புதிதாக எதையும் தொடங்கவில்லை, தெரிந்த வேலைக்குப் பெரிய கரையாக ஒன்றை எடுத்துக்கொண்டார்.

உங்களுக்குத் தெரிந்தது கணக்கு. அதை நீங்கள் மட்டமாக நினைக்கிறீர்கள் என்பது நீங்கள் எழுதிய விதத்திலேயே தெரிகிறது. கணக்கெழுத ஒழுங்கான ஆள் இல்லாமல் இந்த ஊரில் எத்தனை மண்டகப்படிகள் சண்டையில் முடிந்திருக்கின்றன தெரியுமா? மகளிர் குழுக்களில் கையெழுத்துப் போடப் பழகிவிட்டார்கள், வட்டிக் கணக்கைச் சரிபார்க்கத்தான் ஆள் தேடுகிறார்கள். பத்தாவது முடித்துவிட்டுக் கடையில் நிற்கிற பையனுக்கு ஜி.எஸ்.டி. என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை.

என் கடைக்கு ஒரு சுங்குடி முடிச்சுப் போடுகிற அம்மா வந்தார், 44 வயது. எட்டு வயதில் பழகிய கை. துணியை நகத்தால் கிள்ளி நூலைச் சுற்றுவது, ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சு. இரண்டு வருடமாக வேலையை விட்டுவிட்டாராம். "விரல் மறந்துருச்சுண்ணே" என்றார். ப்ளஸ் ஒன்றேகால் போட்டு, கடையில் இருந்த துடைக்கிற துணியைக் கையில் கொடுத்தேன். பேசிக்கொண்டே ஏழெட்டு முடிச்சுப் போட்டுவிட்டார், பிறகுதான் கையைப் பார்த்தார். அசாம் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வெறும் வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018-இல் வந்தது. கண்ணாடி இல்லாதவர்களைவிட அவர்கள் பறித்த இலையின் அளவு 20 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது. எனக்கு அந்த எண்ணைவிட அந்த அம்மா தன் கையைப் பார்த்த பார்வைதான் பெரிது.

வேலையை இப்போது விடாதீர்கள். கடன் மூன்று வருடம் இருக்கிறது, மகள் படிக்கிறாள். எதையும் ஒரே வெட்டாக வெட்டாமல் தவணை வைத்துச் செய்து பாருங்கள். மேலமாசி வீதியில் இன்றைக்குக் கதர்க்கடை இருக்கிற அந்த வீட்டு மாடியில், 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி குல்லாவையும் மேல்சட்டையையும் விட்டுவிட்டு முழத்துண்டோடு இறங்கினார். வயது 51, பத்து நாளில் 52. மனிதகுலத்துக்கே தெரிந்த அந்தத் தோற்றத்தை அவர் முதலில் அறிவித்தது குறைந்தது அக்டோபர் 31 வரை என்றுதான். அதற்கு முன்பும் இரண்டு முறை நினைத்துத் தயங்கியிருக்கிறார். மதுரைக்கு வரும் ரயிலில், கதர் வாங்கக் காசில்லை என்று ஏழைகள் சொன்னதைக் கேட்ட பிறகுதான் முடிவெடுத்தார். அவருக்கே ஐந்து வாரத் தவணை தேவைப்பட்டது. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று மணி நேரம், தீபாவளி வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம்.

வயசாக ஆக ஞானம் வரும் என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். வயதானால் தானாக வரும் என்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். எழுபதை நெருங்குகிற சிலர் ஒருநாள் சந்தோஷமாகக் கடைக்கு வருவார்கள். "சாமி கண்ணைத் திருப்பிக் குடுத்துருச்சு, கண்ணாடி இல்லாமயே பேப்பர் படிக்கிறேன்" என்பார்கள். வீட்டில் எல்லாருக்கும் சொல்லி, பூஜைகூட நடந்திருக்கும். உள்ளே புரை வளர்ந்துகொண்டிருக்கும். கண்புரை ஒரு கட்டத்தில் லென்ஸின் பவரை மாற்றிவிடும். கிட்டப்பார்வை கொஞ்ச நாள் தெளிவது போல இருக்கும், பிறகு எல்லாமே மங்கும். "எனக்குத் தெரியாததா" என்று தொடங்குகிற பெரியவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஞாபகம்தான். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இவ்வளவு நேரம் நான் பேசியதிலும் எது தெளிவு, எது புரை என்று நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. உங்கள் கேள்வியில் அப்பா இருக்கிறார், மகள் இருக்கிறாள், வங்கிகூட இருக்கிறது. வீட்டுக்காரம்மாவைப் பற்றி ஒரு வரி இல்லை. அவருக்கும் ஏறக்குறைய உங்கள் வயதுதான் இருக்கும். மாதவிலக்கு நிற்கிற காலம், ராத்திரியில் உடம்பு தகிக்கும், தூக்கம் போகும். மகள் போன வெறுமை உங்களைவிட அவருக்கு ஒரு பிடி கூடவே இருக்கும். திருவண்ணாமலைக்குப் போவதென்றால் அவரையும் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் போய்விட்டு வாருங்கள், கரண்ட் பில்லைக் கட்டிவிட்டு. அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் கீழக்குயில்குடி சமணர் மலைக்கு ஒரு சாயங்காலம் போங்கள். தாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்து, "உனக்கு எப்படி இருக்கு" என்று கேளுங்கள். பதில் வர நேரமாகும், செல்போனை எடுக்காதீர்கள்.

அந்தச் செல்போனை இப்போது எவ்வளவு தூரத்தில் பிடித்துக்கொண்டு இதைப் படிக்கிறீர்கள் என்றும் பாருங்கள். 47 என்றால் ஒன்றேகால், ஒன்றரை இருக்கும். கண்ணாடி போட்டபின் முதல் நாலு நாள் படி இறங்கும்போது தரை தூக்கித் தெரிகிற மாதிரி இருக்கும், படிக்கிற நேரம் போகக் கழற்றிவிடுங்கள். போகிற இடத்தில் கண் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.